கியர்பாக்ஸ் கழற்றும் கலை

கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில், பழைய காரின் அடியில் கோணியை விரித்து மல்லாந்து படுத்து, துருவேறி எஞ்சினோடு ஒன்றிப்போன கியர்பாக்ஸைப் பிரித்தெடுக்கும் மேஸ்திரியின் நிதானத்தைச் சற்று நேரம் உடனிருந்து பார்ப்பவர்க்கு, அதுவும் ஒரு வித்தைதான் என்பதில் சந்தேகம் எழாது. போல்ட்டுகள் யாவும் கழன்று தட்டில் கிடக்கின்றன. ஆயினும் பெட்டி அசைய மறுக்கிறது. அவசரக்காரனாயின் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, வார்ப்பின் விளிம்பை உடைத்திருப்பான். இவரோ, எண்ணெய்க் கசடுக்குள் போல்ட் ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று விரல் நுனியால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்க்கிறார். (மேற்புறத்தில், கண்ணுக்கெட்டாத இடத்தில், பெரும்பாலும் ஒன்று இருக்கத்தான் செய்யும்.)

பிறகு, இரு பாகங்களையும் நேராக நிறுத்தும் டவல் பின்களின் வேரில் துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது உள்ளே இறங்கும்வரை ஒரு தேநீர் அருந்திவிட்டு வந்து, மரச்சுத்தியால் இடமும் வலமுமாக மாறி மாறித் தட்டுகிறார். ஆரம்பத்தில் மந்தமாய்க் கனத்திருந்த சப்தம் மெல்ல மெல்லத் திறந்த நாதமாக மாறுவதைச் செவிதான் முதலில் அறிகிறது. நகம் நுழையுமளவு இடைவெளி கண்டதும், ஒருபுறம் மட்டும் பிரிந்து மறுபுறம் இறுகிவிடாதபடி சுற்றிலும் சமமாகத் திறந்து, பாரத்தை ஜாக்கியின்மேல் தாங்கி, கிளச் பிளேட்டின் பற்களினின்று தண்டு வழுகி வெளிவருமாறு பெட்டியைப் பின்னோக்கி இழுக்கிறார். எடை முழுவதும் தண்டில் தொங்கினால் பிளேட் கோணிவிடுமாதலால், ஜாக்கியருகே நிற்கும் பையனிடம், “இன்னும் ஒரு நூல் ஏத்துடா” என்கிறார்.