உதறலை அடக்குவதா, மறைப்பதா?

ஜீப் ராங்க்ளர், ஃபோர்டு எஃப்-250 போன்ற வண்டிகளை உயர்த்திக் கட்டி, 35 அங்குல டயர் மாட்டி மலைத்தடங்களில் ஓட்டுவது அமெரிக்காவில் பெரிய மோகம். அப்படி உயர்த்திய வண்டி நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் வெறிபிடித்தாற்போல் உதறினால், பலர் உடனே வாங்குவது ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர். சிலர் ஒன்றுக்கு இரண்டாக மாட்டுகிறார்கள். நிறுவனங்களும் இந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டிருக்கின்றன. 2018-இல் வந்த புதிய ராங்க்ளரின் உதறல் பற்றிப் புகார்கள் எழுந்தபோது, 2019-இல் கிடைத்த தீர்வு இலவசமாக ஒரு புது டேம்பர், அதாவது ஸ்டெபிலைசர்.

ஸ்டெபிலைசர் வீண் என்று சொல்ல மாட்டேன். அது படுக்கைவாட்டில் கிடக்கும் ஒரு ஷாக் அப்சார்பர். பாறையில் சக்கரம் இடறும்போது ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பி விரலை முறிக்காமல் காக்கிறது. முன் டயர் வெடித்தால் ஓட்டுநருக்கு ஒரு நொடி அவகாசம் தருகிறது. கனமான டயருக்கு இந்தத் துணை அவசியம்தான்.

ஆனால் உதறலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. வண்டியை உயர்த்தினால் முன் ஆக்சில் சுழன்று காஸ்டர் கோணம் குறைகிறது. சக்கரம் தானாக நேருக்குத் திரும்பும் குணம் மங்குகிறது. ஆக்சிலைப் பக்கவாட்டில் சட்டத்தோடு பிணைக்கும் டிராக் பாரும், ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டிராக் லிங்க்கும் சரிந்து நிற்கின்றன. இத்துடன் தேய்ந்த பால் ஜாயிண்ட், தளர்ந்த போல்ட், பேலன்ஸ் இல்லாத டயர் என ஏதாவது ஒன்று சேர்ந்தால் போதும், உதறல் தொடங்கிவிடும். 2007-இல் வந்த ராங்க்ளரில் டேம்பர் ஆக்சிலுக்கும், இரு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராடுக்கும் இடையில் இருக்கிறது. டிராக் பார் முனை தளர்ந்து ஆக்சிலே பக்கவாட்டில் நகர்ந்தால், டேம்பரும் அதோடு சேர்ந்து நகரும். சக்கரம் திரும்பத் தொடங்கிய பிறகுதான் அதற்கு வேலை. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை மருந்தாக நம்புவது தவறு என்கிறேன்.

சோதனை எளிது. நான்கு சக்கரமும் தரையில் இருக்க, எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்ட வேண்டும். மற்றவர் கீழே படுத்து டிராக் பார் முனையைப் பார்க்க வேண்டும். முனை தளர்ந்திருந்தால், போல்ட் துளை நீள்வட்டமாகித் தேய்ந்த இரும்பு பளிச்சிடும். புஷ்ஷைச் சுற்றித் துருப்பொடி உதிர்ந்திருக்கும். இந்தத் தேய்மானத்தை இரட்டை டேம்பர் மாதக்கணக்கில் மறைத்துவிடும். ஒருநாள் அதுவும் தளரும்போது உதறல் முன்னைவிட மோசமாக வரும். அதோடு இரட்டை டேம்பரால் ஸ்டீயரிங் கனக்கும். வளைவு முடிந்து நேருக்குத் திரும்பவும் தாமதிக்கும்.

வாயு நிரப்பிய ஒற்றை டேம்பர் தண்டை எப்போதும் வெளியே தள்ளும்; அதனால் சில வண்டிகள் ஒரு பக்கம் இழுக்கும். தண்டு இருபுறமும் ஊடுருவிச் செல்லும் வகையில் அந்தத் தொல்லை இல்லை, விலைதான் கூடுதல். ஸ்பிரிங் வைத்து ஸ்டீயரிங்கை நடுவுக்குத் தள்ளும் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். காஸ்டர் செய்ய வேண்டிய வேலையைக் கடன் வாங்கிச் செய்கிறது அது. எதை மாட்டினாலும் டை ராடுக்கு மேலே ஏற்றி மாட்டுவது நல்லது. தாழ்வாகத் தொங்கினால் முதல் பாறையிலேயே தண்டு வளையும்.

இந்தியாவில் ஓடும் ஜிம்னிக்கும் முன்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திட ஆக்சில்தான். இந்தக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

வண்டியை உயர்த்தியவர்கள் முதலில் காஸ்டரைச் சரிசெய்யுங்கள். டிராக் பார் போல்ட்டை வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது, டார்க் ரென்ச்சால் குறித்த அளவுக்கு முறுக்குங்கள். டேம்பரைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உதறாமல் நேராகப் போனால் நல்ல டேம்பர் ஒன்று போதும். இரண்டாவதற்கு எடுத்துவைத்த பணத்தில் பால் ஜாயிண்டை மாற்றிவிடுங்கள்.