வெயில் நாளின் ஆறு

பினாங்குத் தீவின் ஆறுகள் குறுகியவை, விரைந்து ஓடுபவை. கொடிமலைப் பக்கம் கொட்டுகிற மழை ஆயர் ஈத்தாம் வழியாக இறங்கி, சுங்கை பினாங்கில் கலந்து, ஜெலுத்தோங் பக்கம் கடலைத் தொடச் சில மணி நேரம் போதும். இப்படிப்பட்ட ஆறுகளுக்கு மிக அருகில், கெலுகோரின் மிண்டன் வளாகத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆறு, ஏரி, வடிகால் பற்றிய ஆய்வுகள் அங்கிருந்து பல காலமாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் அடிப்படை, யாரோ ஒருவர் தண்ணீரில் இறங்கி நின்று எடுத்த அளவுதான். அந்தக் களப்பணியின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அது நடக்கும் முறையில்தான் குறை காண்கிறேன்.

முதலில் அந்த வேலையின் நேர்த்தியைச் சொல்ல வேண்டும். கரைக்குக் கரை நாடாவை இழுத்துக் கட்டி, ஆற்றின் அகலத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஆழத்தை அளந்து, மேற்பரப்பிலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் நீரோட்ட மானியைப் பிடிக்கிறார்கள். மேலே நீர் வேகமாகவும் அடியில் மெதுவாகவும் ஓடுவதால், சராசரி வேகம் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் கிடைக்கும். ஆழம் கூடுதலானால் இரண்டு இடங்களில் அளந்து சராசரி எடுப்பார்கள். நீர் மாதிரிக்கு இன்னொரு ஒழுங்கு: ஓட்டத்தை எதிர்த்து நிற்க வேண்டும், கால் கலக்கிய சேறு போத்தலுக்குள் போகாதபடி. போத்தலை அதே ஆற்று நீரால் அலசி, நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் நகர்ப்புற ஆறுகளில் உண்மையான ஆபத்து. கையுறையும் நீண்ட காலணியும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. களத்தில் நிற்பது தரும் பாடத்தை எந்தக் கணினி மாதிரியும் சொல்லித் தராது. கரையில் நின்றவருக்குத்தான் எந்தக் குழாயிலிருந்து சோப்பு நுரை வருகிறது, எந்த வளைவில் மண் சரிகிறது என்று தெரியும்.

ஆனால் எப்போது இறங்குகிறார்கள்? பெரும்பாலும் மழை இல்லாத நாளில், காலை ஒன்பது மணிக்கு மேல், வேன் கிடைக்கும் நேரத்தில். இங்கேதான் சிக்கல். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் பாசியின் ஒளிச்சேர்க்கையால் பிற்பகலில் ஏறும், விடியலுக்கு முன் மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மூச்சுத் திணறும் அந்த வேளையில் மானி பிடிக்க யாரும் அங்கே இருப்பதில்லை. சுங்கை பினாங்கின் கீழ்ப்பகுதியில் கடல் ஏற்றமும் புகும். ஏற்றத்தின்போது எடுத்த மாதிரியையும் இறக்கத்தின்போது எடுத்ததையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், ஆற்றை அளந்தோமா கடலை அளந்தோமா என்ற கேள்வி எழும். நேரத்தையும் ஏற்ற இறக்கத்தையும் குறிக்காத அட்டவணையை நான் நம்புவதில்லை.

இதைவிடப் பெரிய குறை மழை. ஓர் ஆண்டில் ஆறு சுமந்து செல்லும் வண்டலில் பெரும்பங்கு சில கனமழை நாள்களிலேயே போய்விடும். சாலை எண்ணெயும் சாக்கடைக் கழிவும் மழையின் முதல் வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்படும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது, உயிர்கள் போயின. மாதம் ஒரு முறை மாதிரி எடுக்கும் திட்டத்தில் அந்த இரவு இடம்பெற வாய்ப்பே இல்லை.

தானியங்கி நிலையங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் நிலையங்கள் மழையையும் நீர்மட்டத்தையும் இரவு பகலாகப் பதிகின்றன. வெள்ள எச்சரிக்கைக்கு அது பெரும் உதவி. ஆனால் நீர்மட்டத்தை நீரோட்ட அளவாக மாற்ற ஒரு வரைகோடு வேண்டும். அந்தக் கோட்டை ஆள் இறங்கி அளந்த புள்ளிகளை வைத்தே வரைகிறார்கள். புள்ளிகளெல்லாம் தாழ்ந்த நீரில் எடுத்தவை என்றால், வெள்ள உயரத்தில் அந்தக் கோடு வெறும் ஊகம். வெயில் நாளில் மட்டும் அளந்த பலவீனம், அதிநவீனக் கருவியின் எண்ணுக்குள்ளும் இப்படி ஒளிந்துகொள்கிறது.

எண்களைக் கூட்டிச் சொல்லும் முறைக்கும் இதில் பங்குண்டு. மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளை மட்டுமே சேர்க்கிறது: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், நீரில் தொங்கும் திடப்பொருள், அமில காரத் தன்மை. இவற்றுள் ஆக்சிஜனுக்கே அதிக எடை, 0.22. அம்மோனியாவுக்கு 0.15. எடைகளை வகுத்தது நிபுணர்களின் கருத்துக் கணிப்பு. கற்படிகளில் விழுந்து காற்றோடு கலந்த நீர், சாக்கடை கலந்திருந்தாலும் நல்ல ஆக்சிஜன் காட்டித் தன் மதிப்பெண்ணைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளும். கிருமியும் கன உலோகமும் கணக்கிலேயே இல்லை. ஒரு நாட்டின் ஆறுகளை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க இக்குறியீடு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 2019 மார்ச்சில் ஜொகூரின் சுங்கை கிம் கிம்மில் கொட்டப்பட்ட வேதிக் கழிவு ஆயிரக்கணக்கானோரை நோயில் தள்ளி, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடவைத்தது. அதுபோன்ற ஒன்றை இந்த ஆறு எண்கள் முன்கூட்டிச் சொல்லா.

இன்னொன்று காலம். ஆய்வு நிதி இரண்டு மூன்று ஆண்டில் முடியும், மாணவர் பட்டம் பெற்றுப் போவார், அளவுகள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தங்கிவிடும். அடுத்தவர் வேறோர் இடத்தில் புதிதாகத் தொடங்குவார். ஆற்றுக்கு வேண்டியது ஒரே பாலத்தடியில் முப்பது ஆண்டுத் தொடர்ச்சி.

மழை நாளில் அளப்பது முடியாத காரியமும் அல்ல. பெரு நதிகளை ஆய்பவர்களுக்கு வெள்ளத்தைத் தேடிப் போக நாள்கணக்கில் பயணம் வேண்டும். கெலுகோரில் இருக்கும் ஆய்வாளர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. மழை தொடங்கிய பிறகு புறப்பட்டாலும் பாலத்தை அடைந்துவிடலாம். வெள்ளத்தில் யாரும் இறங்கத் தேவையில்லை: பாலத்தின் மேலிருந்து கயிற்றில் வாளி இறக்கலாம், மட்டம் உயர்ந்ததும் தானே மாதிரி எடுக்கும் கருவியைப் பொருத்தலாம். கரையோரக் குடியிருப்பாளர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், மழை இரவில் ஆற்றருகே இருப்பவர்கள் அவர்களே. வாட்டர் வாட்ச் பினாங்கு 1997-இலேயே பொதுமக்களை ஆற்றங்கரைக்கு அழைத்த அமைப்பு, ஆக இது புது வழி அல்ல. நிதி தருவோருக்கும் மேற்பார்வை செய்யும் பேராசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த திட்டத்தில் அக்டோபர், நவம்பர் மாத மழை இரவுகளுக்கென்று தனியாகப் பணமும் ஆளும் ஒதுக்குங்கள். எடுத்த அளவுகளை நேரத்தோடும் கடல் ஏற்றத்தோடும் குறித்து, யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடுங்கள்.