நாலு குருவித் தோரணம்

மங்கலத் தோரணத்துக்கு நாலு குருவி, அமங்கலத்துக்கு மூன்று. நாலும் தலை நிமிர்ந்து நிற்கும். மூன்றும் தலை கவிழ்ந்து தொங்கும். யாழ்ப்பாணத்தில் தென்னங்குருத்தைக் கையில் எடுக்கிற பொடியனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஓலையைக் கிழித்து மடித்துச் செருகும் வித்தை பிறகு தானாக வரும். கணக்கைப் பிழைக்க விட்டவனைக் கலியாண வீட்டுக் கிழவர்கள் இலேசில் விடமாட்டார்கள்.

கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது என் அக்கா மகளின் கலியாணப் படங்களைப் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் காட்டினேன். "கேரளா கல்யாணம் மாதிரியே இருக்குங்களே! டெக்கரேஷன்லாம் சிம்பிளா முடிச்சிட்டீங்க போல" என்றார். நல்ல மனுசி; பந்தியில் எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றவைத்தவர். ஆனாலும் அந்த 'சிம்பிள்' என்னோடு பலாலி வரை பறந்து வந்துவிட்டது. கேரளம் என்றதைக்கூட மன்னிக்கலாம். எங்களை அப்படி நினைப்பது அங்கே பழகிப்போன சங்கதி. சோடனையைக் குறைவாகச் சொன்னதுதான் சுட்டது.

எங்கள் பக்கத்தில் சோடனை வேலை பொன்னுருக்கல் நாளிலேயே தொடங்கிவிடும். தாலிக்குப் பொன் உருக்கிய கையோடு வளவின் ஈசான மூலையில் முள்முருக்கந்தடியில் மாவிலை கட்டிக் கன்னிக்கால் ஊன்றுவோம். அங்கே இதைப் பந்தக்கால், முகூர்த்தக்கால் என்கிறார்கள். நான் பார்த்தது மூங்கில். மூங்கிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முள்முருக்கு நட்ட இடத்தில் துளிர்க்கும், அதைப் பார்த்துப் பெண்ணின் தாய் சந்தோசப்படுவாள். பிறகு பலகாரச் சூடு. அடுப்படியில் மாமிமார் பயற்றம் பணியாரம் சுட, முற்றத்தில் ஆண்கள் வாழைத்தடல் உரிப்பார்கள். முதல்நாள் பின்னேரம் வெட்டிய குருத்து வாடாமல் ஈரச்சாக்கில் சுற்றிக் கிடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் ஒருவர் சத்தகத்தோடு வந்து உட்காருவார். அவர் தச்சர் அல்லர், பூக்காரர் அல்லர். பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாராகவோ கூட்டுறவுக் கடை மனேச்சராகவோ இருப்பார். ஊரில் அவருக்குத்தான் கை ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும். கூலி கிடையாது. பிளேன்ரீ தவறாமல் வரவேண்டும், அவ்வளவுதான்.

காலையில் படலையில் குலையோடு வாழை, வாசலில் நிறைகுடம். தலைவாழையிலையில் நெல் பரப்பி, அதன்மேல் குடம், மாவிலை, முடித்தேங்காய், இருபுறமும் குத்துவிளக்கு. சுவர்களை மறைக்க வீட்டுப் பெண்களின் கூறைச்சேலைகளும் காஞ்சிபுரங்களும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். தொண்ணூறுகளில் இந்த வீட்டுச் சோடனையே எங்களைக் காப்பாற்றியது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது; பொருளாதாரத் தடையில் கடதாசிக்கே பஞ்சம். பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சான காலம் அது. கலியாணங்கள் மட்டும் நிற்கவில்லை. குருத்துக்கும் வாழைக்கும் மாவிலைக்கும் தடை போட யாராலும் முடியவில்லை.

பந்தலின் உட்கூரையில் வெள்ளை கட்டுவதையும் சொல்ல வேண்டும். சலவைத் தொழில் செய்யும் கட்டாடியார் வெளுத்த வேட்டிகளைக் கொண்டுவந்து கட்டினால் பந்தலே வெளிச்சமாகும். எந்த வீட்டுக்கு வெள்ளை கட்டலாம், எந்த வீட்டுக்குக் கூடாது என்று சாதி பார்த்தார்கள் என்பதும் அதே பழைய கதைதான். அதை மறைத்துவிட்டு அழகை மட்டும் பேசினால் எங்கள் ஊரிலேயே என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

தமிழ்நாட்டுக்காரர் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால், பூ இருக்கிறது. அதில் நாங்கள் வாயைத் திறக்கக்கூடாது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையின் மாணிக்கமாலைக்கு 2025இல். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, இரத்தினம் பதித்த பட்டைபோலக் கட்டுகிறார்கள். நித்தியகல்யாணியையும் செவ்வரத்தையையும் நாரில் கோத்துப் பழகிய எங்களுக்கு அது வேறு உலகம். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் 2020இல் அந்தக் குறியீடு வந்தது. தண்ணீரில் வளரும் ஒரு செடியின் வெண்சோற்றைத் தந்தம்போலச் செதுக்குகிற கைகளை என்ன சொல்வது? கோலமும் அப்படியே. காவி ஓரம் வைத்த இழைக்கோலம் ஒன்றை அந்தக் கும்பகோணத்து மண்டப வாசலில் பார்த்தேன். மிதிக்க மனமில்லாமல் சுற்றிப் போனேன். எங்கள் வாசல் கோலம் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஆனால் அந்தக் கும்பகோணத்துக் கல்யாண மேடையைச் சோடித்தவர்கள் இரவோடிரவாக வேனில் வந்து, விடியமுன் ஏணியோடு போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கே அவர்கள் முகம் தெரியாது. பணம் கொடுத்தால் எதுவும் வரும் என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஆரத்தித் தட்டுகள் வந்தன. நிறம் ஏற்றிய பருப்பில் மயில், முத்து ஒட்டிய தாமரை, வெள்ளரிக்காயில் செதுக்கிய பூ. எல்லாம் நாத்தனாரும் அத்தைமாரும் ஒரு கிழமையாக வீட்டில் இருந்து செய்தவை என்றார்கள். நாங்கள் வாழைப்பழத் துண்டில் திரி குத்தி ஏற்றி ஆலாத்தி எடுப்போம். தீபம் இருப்பதால் எங்களுடையதுதான் கம்பீரம் என்பது என் எண்ணம். கை வேலை அவர்களுடையதில் கூட.

குருத்தோலையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அதில் எங்களை வெல்ல ஆள் உண்டென்றால் இலங்கைக்குள்ளேயே உண்டு. தெற்கே சிங்களவர் பிரித் மண்டபத்துக்கும் கலியாண மேடையான போறுவைக்கும் செய்யும் கொக்கொல என்னும் குருத்தோலை வேலையைப் பார்த்தவருக்கு, தமிழ்நாட்டு மண்டப வாசலில் கட்டும் நைலோன் மாவிலை கண்ணில் குத்தும்.

நைலோன் இப்போது எங்களிடமும் வந்துவிட்டது என்பது வேறு கதை. லண்டன் காசிலும் ரொறன்ரோக் காசிலும் நடக்கும் நல்லூர்க் கலியாணங்களில் வாசலில் ரெஜிபோம் யானை நிற்கிறது. கும்பகோணத்தில் அதே யானை தெர்மாகோல். பெண்ணின் தமையன் வெளிநாட்டிலிருந்து ஒரு சென்னைக் கலியாணப் படத்தை அனுப்பி, "இதே மாதிரி வேணும்" என்று எழுதுகிறான்.

ஆவணியில் எங்கள் வீட்டில் இன்னொரு கலியாணம். தம்பியோடு ஒரு கிழமை வாதாடி, மணவறையை வாடகைக்கு எடுக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். தோரணம் வீட்டில்தான். இணுவிலில் குருத்துக்குச் சொல்லியாயிற்று. வாத்தியாரும் வருவதாகச் சொல்லிவிட்டார். கோலம் போட ஆள்தான் இன்னும் கிடைக்கவில்லை.