மஞ்சள் தேமலும் ஒரு கையேடும்

உளுந்தைத் தாக்கும் மஞ்சள் தேமல் நோய் பற்றி உழவர்களுக்கென எழுதப்பட்ட கையேடு ஒன்றைப் படித்தேன். நடை எளிது, படங்கள் தெளிவு. ஆனால் அடிப்படையிலேயே ஒரு பிழை: இலை மஞ்சளித்த பின் பூச்சிமருந்து தெளித்தால் பயிர் தேறிவிடுமாம்!

மருந்து கொல்வது நோய் பரப்பும் வெள்ளை ஈயை. செடிக்குள் புகுந்துவிட்ட வைரசை அன்று. நோயுற்ற செடியில் சில நிமிடங்கள் சாறு உறிஞ்சினாலே ஈ வைரசைச் சுமக்கத் தொடங்கிவிடும். ஆகவே அத்தகைய செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிப்பதும், வம்பன் 8 போன்ற எதிர்ப்புத்திறனுள்ள இரகத்தை விதைப்பதுமே முதன்மையானவை. இவற்றுக்குக் கிடைத்தது ஒரே வரி.

ஒட்டும் அட்டை கட்டச் சொல்லும் ஆசிரியர், மஞ்சள் ஒளி வெள்ளை ஈயை ஈர்க்கும் என்ற காரணத்தைச் சொல்லவில்லை. காரணமறியாத உழவர் வேறு நிற அட்டையைக் கட்டினால் குற்றம் யாருடையது?

கடன் வாங்கித் தெளித்தும் பயிர் மஞ்சளாகவே நின்றால், உழவர் இழப்பது பணத்தை மட்டுமன்று. அறிவியல் மீதுள்ள நம்பிக்கையையுந்தான்.