டோசன் நகரும் 'கானகத்தின் குரலும்'

தனிமனித வீரம் இயற்கையோடு பொருதிப் பொன்னை வென்றது என்பதே கிளொண்டைக் பொன்வேட்டை குறித்து இலக்கியமும் திரைப்படமும் பரப்பிய எண்ணமாகும். டோசன் என்னும் சிறுநகரின் வரலாற்றோடு ஒப்புநோக்குமிடத்து இவ்வெண்ணத்தின் வர்க்கச் சார்பு புலப்படும்.

1896 ஓகஸ்ற் மாதத்தில், கனடாவின் யூக்கோன் பிரதேசத்திலே, பின்னர் பொனான்சா எனப் பெயர்பெற்ற ஓடையிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. கிளொண்டைக் ஆறு யூக்கோன் ஆற்றோடு கலக்குமிடத்திற் தலைமுறைகளாகச் சல்மன் மீன்பிடித்து வாழ்ந்த ஹான் மக்கள், வந்தேறிகள் பெருகவே, 1897இல் தலைவர் ஐசக்குடன் மூஸ்ஹைட் என்னுமிடத்துக்குப் பெயர்ந்தனர். 1898இல் டோசனிலும் சுற்றாடலிலும் ஏறத்தாழ 30,000 பேர் திரண்டனர். வளமிக்க ஓடைகளோ அதற்குள் பிறர் உரிமையாகிவிட்டன. செல்வந்தராகும் கனவோடு வந்தோர் பலர் பிறருடைய குழிகளிற் கூலியாட்களாயினர். 1899இல் அலாஸ்காவின் நோம் கடற்கரை ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தது. 1902இல் டோசனின் குடித்தொகை 5,000க்கும் குறைவே. ஈற்றில் படுகைகள் பெருங் கம்பனிகளின் கைப்பட்டன. அவற்றின் மிதக்கும் அகழ்பொறிகள் 1966 வரை இயங்கின.

ஜக் லண்டன் 1897இற் பொன்தேடிச் சென்று, மறு ஆண்டு ஸ்கர்வி நோயோடு மீண்டவர். அதற்கு முன்பே, 1896இல், சோஷலிசத் தொழிற் கட்சியிற் சேர்ந்திருந்தார். 1903இல் வெளிவந்த 'கானகத்தின் குரல்' நாவலின் நாயகன் பக் என்னும் நாய். களவாடப்பட்டு, விற்கப்பட்டு, அடிக்குப் பணிந்து, பனிவண்டி இழுத்து, வலுவிழந்ததும் கைமாறும் அதன் வாழ்விலே, உழைப்புச் சக்தி பண்டமாகும் நிலை துலக்கமாகச் சித்திரிக்கப்படுகிறது. நாவலின் வலிமை இதுவே.

ஆயின் அதன் முடிவு வேறொன்றைக் காட்டுகிறது. பக்கின் அன்புக்குரிய தோர்ன்ரனைக் கொல்வோர் யீஹற் என்னும் கற்பனைப் பழங்குடியினர். பக் அவர்களைக் கொன்று பழிதீர்க்கிறது. வரலாற்றில் நிலமிழந்தோர் நாவலிற் கொலைஞராகின்றனர். லண்டனின் சோஷலிசம் அவர் காலத்து இனமேன்மைக் கருத்துக்களிலிருந்து விடுபடாமையின் இலக்கிய வெளிப்பாடே இம்முரண்பாடு.

1998இல் கைச்சாத்தான உடன்படிக்கை அம்மக்களின் நிலவுரிமையையும் தன்னாட்சியையும் ஏற்றது. 2023இல் யுனெஸ்கோ இப்பிரதேசத்தை உலக மரபுரிமையாகப் பதிந்தபோது அவர்களுடைய காலனித்துவ அனுபவமே முதன்மை பெற்றது. வரலாறு திருத்திக்கொண்டதை விமர்சனமும் கருத்திற்கொள்ளல் வேண்டும். ஒரு படைப்பு யாருடைய உழைப்பைக் காண்கிறது என வினவும் முற்போக்கு விமர்சகன், அது யாருடைய நிலத்தில் நின்று காண்கிறது எனவும் வினவுதல் கடனாகும்.