அம்மனுக்குக் கோயில், பிணம் தூக்கியவனுக்கு?

'பேதியில போவான்', 'கொள்ளையில போவ'. பழங்காநத்தமானாலும் மதுரையைச் சுற்றியுள்ள எந்த ஊரானாலும் சண்டை முற்றினால் வந்து விழுகிற வசவுகள் இவை. கொள்ளைநோய்க் காலத்துச் சாவைத்தான் சொல்கிறோம் என்று திட்டுகிற ஆத்தா நினைப்பதில்லை. ஏட்டில் ஏறாததை வாய் வைத்திருக்கிறது.

கல்லிலும் இருக்கிறது. 1896இல் பம்பாயில் பரவிய பிளேக் பின்னர் கோயம்புத்தூரையும் வாரிக்கொண்டு போனது. அங்கே 'பிளேக் மாரியம்மன்' கோயில்கள் இன்றும் நிற்கின்றன. 2021இல் அதே கோவைப் பக்கம் இருகூரில் 'கொரோனா தேவி' வந்தாள். நாட்டார் வழக்காறு பேசுவோர் இவற்றை மக்களின் நினைவு என்கிறார்கள். சரி, எந்த மக்கள்? பெத்த பிள்ளையே தொடப் பயந்த பிணத்தைத் தூக்கியது யார்? குழி வெட்டியது யார்? சாவு சொல்லப் போனது யார்? வெட்டியான் வேலை என்று சாதி யார் தலையில் கட்டியதோ அவர்கள்தான். அம்மனுக்குக் கோயில் உண்டு. இவர்களுக்கு ஒரு நடுகல் உண்டா?

அயோத்திதாசர் (1845–1914) வேறு விதமாக வாசித்தார். அம்மனை, வேம்பின் மருத்துவம் அறிந்த பௌத்தப் பெண்துறவியாகக் கண்டார். அது வரலாறா என்பது தனி விவாதம். நமக்கு வேண்டியது அந்த வாசிப்பு முறை: சடங்குக்குள் யாருடைய அறிவும் உழைப்பும் புதைந்து கிடக்கிறது என்று கேட்பது.

பெரியம்மை ஒழிந்ததென்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது நிற்கவில்லை, நிற்க வேண்டியதுமில்லை. ஆனால் சுடுகாட்டு வேலை இன்னும் சாதியை விட்டு இறங்கவில்லையே, அதை என்ன செய்வது? நம் சேரிக் கிழவர்களிடம் உட்கார்ந்து கேட்போம், தோழர்களே. கேட்டதை எழுதுவோம்.