சிரித்துக்கொண்டே கேட்ட சங்கீதம்

சங்கீதத்தைப்பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இருவகையினர். ஒரு வகையார் சாஸ்திரம் கற்றவர்கள்; அவர்கள் எழுதுவது அவர்களுக்கே விளங்கும். மற்றொரு வகையார் விளம்பரக்காரர்கள். அவர்கள் எழுதுவது யாவர்க்கும் விளங்கும், ஆனால் ஒருவரும் நம்பமாட்டார்கள். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று, யாவர்க்கும் விளங்கும்படியும் பலரும் நம்பும்படியும் எழுதிய ஒருவர் தமிழில் இருந்தார். ஆனந்த விகடனில் “கர்நாடகம்” என்னும் புனைபெயரோடு “ஆடல் பாடல்” பகுதியை எழுதிவந்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியே (1899–1954) அவர். அரசியலிலும் சமயத்திலும் அவருக்கும் நமக்கும் ஒட்டாது. ஒட்டாத இடம் வேறு, கற்றுக்கொள்ள வேண்டிய இடம் வேறு. ஆகையால் அவரைப்பற்றி ஜொகூர்த் தமிழர்களாகிய நாம் சிறிது சிந்திப்பதில் தவறில்லை.

முதலில் அந்தப் புனைபெயரையே பாருங்கள். கர்நாடகம் என்றால் சங்கீதம் என்று சபைக்குப் போகிறவர்கள் நினைப்பார்கள். நம் வீட்டுப் பாட்டிமார்களோ, காலத்துக்கு ஒவ்வாத பழம்பஞ்சாங்கத்தைக் கண்டால் “சுத்தக் கர்நாடகம்” என்பார்கள். இவ்விரண்டு பொருளையும் ஒரே சொல்லில் முடிந்து தம் தலையில் தாமே சூட்டிக்கொண்டார் அவர். “நான் ஒரு பட்டிக்காட்டு ரசிகன், எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்” என்று கூறாமற் கூறியது அப்பெயர். வித்துவானுக்கும் கேட்பவனுக்கும் நடுவே இருந்த உயரமான மேடையை அந்த ஒரு பெயர் பாதியாகக் குறைத்துவிட்டது.

அந்த மேடை எவ்வளவு உயரமாயிருந்தது என்பதை இக்கால இளைஞர்கள் அறியார். 1917ஆம் ஆண்டிலேயே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் “கருணாமிர்த சாகரம்” என்னும் பெருநூலை வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை நிறுவ முயன்றார். 1928இல் சென்னையில் சங்கீத வித்வத் சபை தோன்றியது. நூலும் இருந்தது, சபையும் இருந்தது. ஆனால் தமிழ் நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இருந்த இடம் என்ன? மூன்று மணி நேரம் பிறமொழிக் கீர்த்தனங்களைப் பாடி முடித்து, சபையோர் துண்டை உதறி எழுந்திருக்கும் வேளையில் பாடப்படும் “துக்கடா” என்னும் கடைசிப் பந்திதான். விருந்துக்கு உரியவனை வாசலிலே நிறுத்திவைத்து, இலை எடுக்கும் நேரத்தில் ஒரு பிடி மோர்ச் சோறு போட்டது போல!

இந்த அநியாயத்தை ஆராய்ச்சி நூல்களால் அசைக்க முடியவில்லை. சிரிப்பு அசைத்தது. ஒரு பாட்டின் பொருள் விளங்காமலே கண்ணை மூடித் தலையை ஆட்டுகிறவனைப் பார்த்து, “ஐயா, என்ன விளங்கிற்று?” என்று நகைமுகத்தோடு கேட்டுவிட்டால், அவனுக்குக் கோபம் வரும் முன்னே வெட்கம் வந்துவிடும். சாஸ்திர வாதத்திற்கு எதிர்வாதம் உண்டு. நகைச்சுவைக்கு எதிர்வாதம் கிடையாது. 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மகாநாடு கூடியபோதும், 1943இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும், “சங்கீதத்துக்குப் பாஷை ஏது?” என்று பெரிய வித்துவான்களே எதிர்த்தனர். பாஷை இல்லையென்றால் தமிழில் பாடினால் மட்டும் என்ன குறைந்துவிடும் என்பதே அதற்குத் தக்க விடை. அப்போராட்டத்தில் பெரியார் ஈ.வெ.ரா.வின் “குடி அரசும்” கல்கியின் பேனாவும் ஒரே பக்கத்தில் நின்றன. வேறெந்த வழக்கிலும் சேர்ந்து நில்லாத இருவர் ஒரு வழக்கில் சேர்ந்து நின்றார்களென்றால், அவ்வழக்கின் நியாயத்துக்கு வேறு சாட்சி வேண்டுமோ?

நிற்க. புகழ்ந்தது போதும், இனிக் குறையையும் பேசுவோம்.

கல்கி விமர்சகர் மட்டுமல்லர். விளம்பரத்திலும் கை தேர்ந்தவர். அவருடைய நண்பர் தி. சதாசிவம் ஆனந்த விகடனில் விளம்பர வேலை பார்த்தவர். அவர் 1940இல் எம். எஸ். சுப்புலட்சுமியை மணந்தார். 1941இல் “சாவித்திரி” படத்தில் எம்.எஸ். ஆண் வேடம் பூண்டு நாரதராக நடித்து ஈட்டிய பணம், அதே ஆண்டில் “கல்கி” பத்திரிகை தோன்ற உதவியது. 1945இல் வெளிவந்த “மீரா” படத்துக்குக் கல்கியே பாட்டும் எழுதினார். இனி அந்தப் பாடகியின் கச்சேரியைக் கல்கி பத்திரிகை தராசில் வைத்து நிறுக்க முடியுமா? எம்.எஸ்.ஸின் குரல் எந்தத் தராசிலும் தாழாது என்பது உண்மை. ஆயினும், நியாயாதிபதியே ஒரு கட்சிக்காரரின் வீட்டில் விருந்துண்டால், தீர்ப்புச் சரியாயிருந்தாலும் ஊர் முணுமுணுக்கவே செய்யும்.

இதைவிட ஆழமான குறை ஒன்றுண்டு. எம்.எஸ். மதுரையில் வீணை சண்முகவடிவின் மகளாகப் பிறந்தவர். தேவதாசி மரபென்று சமூகம் ஒதுக்கிவைத்த குலங்களே பல தலைமுறைகளாக நம் இசையையும் ஆடலையும் உயிரோடு காத்தன. அம்முறையின் கொடுமையை ஒழிக்க 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது நன்றே. ஆனால் மேடையும் பத்திரிகையும் சேர்ந்து எம்.எஸ்.ஸை ஒரு பக்தைக் கோலத்தில் நாட்டுக்குக் காட்டியபோது, அவர் கற்ற வீடும், கற்பித்த தாயும், அந்த மரபின் உழைப்பும் பின்னே தள்ளப்பட்டன. விளம்பரம் ஒருவரை உயரத் தூக்கும். தூக்கும்போதே அவர் நடந்துவந்த பாதையின்மேல் மண்ணைப் போட்டு மூடியும் விடும்.

சபைக்கு வெளியே நின்றவர்களின் கதை இன்னும் கசப்பானது. நாதஸ்வரக்காரர் மேற்சட்டையின்றி, நின்றுகொண்டே, ஊர்வலத்தின் முன்னே வாசிக்க வேண்டுமென்பது வழக்கமாயிருந்தது. செட்டிநாட்டு ஊர்வலமொன்றில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டிருந்ததைக் கண்டு சிலர் அதை எடுக்கச் சொன்னபோது, சுயமரியாதை வீரர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி எடுக்க வேண்டாமென்று தடுத்து நின்றார். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பு வைத்து, ஷெர்வானி அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்து அவ்வழக்கத்தையே தலைகீழாக்கினார். நாதஸ்வரத்துக்கே இவ்வளவு போராட்டமென்றால், பறைக்கும் உறுமிக்கும் கேட்பானேன்! சங்கீத விமர்சனம் என்பது அக்காலத்தில் சபா மண்டபத்தின் எல்லைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

இதனால் ஜொகூருக்கு என்ன என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் குளுவாங் பக்கத்துத் தோட்டக் கோயிலொன்றில் திருவிழா. கோயிலார் அச்சிட்ட துண்டறிக்கை என் கைக்கு வந்தது. வெளியூர்ப் பாடகர் பெயர் விரற்கடை உயரமான எழுத்தில். பிறகு பக்கவாத்தியக்காரர்கள், பிறகு தலைவர், செயலாளர், பொருளாளர், நன்கொடையாளர் நாற்பது பேர். அடியில் ஒரு வரி: “மற்றும் மேளதாளங்கள்.” அன்றிரவு நடந்தது என்ன? பாடகர் பாடும்போது முன்வரிசை நாற்காலிகள் மட்டும் நிறைந்திருந்தன. அவற்றிலும் இருவர் குறட்டைவிட்டுத் தாளம் போட்டனர். பிறகு அந்த “மற்றும்” வந்தது. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர், உறுமியும் தவிலுமாக. ஓர் அடி விழுந்ததுதான் தாமதம், தோட்டம் முழுவதும் எழுந்து நின்றது. பால்மரம் வெட்டிய கைகளையுடைய ஒரு கிழவி, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு தாளம் தப்பாமல் காலை எடுத்து வைத்தாள். முகப்பில் நின்ற பையன் வேகத்தில் மயங்கிக் காலப்பிரமாணத்தை இரண்டு முறை ஓட விட்டான், அதுவும் உண்மையே. அதை அவனிடம் நான் சொன்னேன். “அண்ணே, இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொன்னதில்லை, நல்லாயிருக்குன்னுதான் சொல்வாங்க” என்றான். அவன் முகத்தில் வருத்தமில்லை. தன்னையும் ஒருவர் காது கொடுத்துக் கேட்டார் என்ற மகிழ்ச்சியே இருந்தது.

நம் நாட்டின் இன்றைய நிலை இதுவே. 2006இல் யோகி பி.யும் நட்சத்திராவும் “வல்லவன்” இசைத்தொகுப்பை வெளியிட்டு, மலேசியத் தமிழ்ச் சொல்லிசையைத் தமிழகமே திரும்பிப் பார்க்கும்படி செய்தனர். வானொலியிலும் கைப்பேசியிலும் விளம்பரத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கச்சேரியும் “மாபெரும்”, ஒவ்வொரு பாடகரும் “சாதனையாளர்”. ஆனால் மறுநாள் காலையில், “இந்த இடம் நன்று, இந்த இடம் தாளம் தப்பிற்று” என்று சிரித்த முகத்தோடு எழுதுகிறவர் எங்கே? புகழ்ச்சி மட்டும் தின்று வளரும் கலை, சர்க்கரை மட்டும் தின்று வளரும் குழந்தை போன்றது. பார்க்கக் கொழுகொழுவென்றிருக்கும், நடக்கச் சொன்னால் விழுந்துவிடும்.

ஆகவே நமக்கு வேண்டியவர் ஒரு புதிய “கர்நாடகம்”. அவர் சபா வாசலில் நுழைவுச் சீட்டோடு நிற்பவராக இருக்க வேண்டியதில்லை. சிகாமட்டிலோ கூலாயிலோ ஒரு தோட்டப் பள்ளியில் படித்த பெண்ணாக இருக்கட்டும். வேலை முடிந்து வந்து, பந்தலின் கடைசி வரிசையில் நின்று கேட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதட்டும். நகைச்சுவை இருக்கட்டும், நண்பர்க்காகத் தராசைச் சாய்க்காத நேர்மையும் இருக்கட்டும். எழுதத் தொடங்குமுன் ஒரு சிறு வேலை மட்டும் அவர் செய்ய வேண்டும்: அந்த ஒன்பது பிள்ளைகளிடமும் சென்று, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.